கொடுத்த கணக்கு சரி, போய்ச் சேர்ந்த கணக்கு? நிவாரணப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2005 ஜனவரி முதல் வாரம். 2004 டிசம்பர் சுனாமி அடித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. தஞ்சாவூரில் மூன்று நாள் தெருத்தெருவாகச் சேர்த்த துணியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் நாகப்பட்டினம் போனோம். ஊருக்குள் நுழையும் முன்பே சாலையின் இரண்டு பக்கமும் துணிக் குவியல். பனியில் நனைந்து, மாடு மிதித்து, வண்டிச் சக்கரம் ஏறிக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் வந்த லாரிகள் இறக்கிவிட்டுப் போனது. அதைப் பார்த்த பிறகும் நாங்கள் வண்டியைத் திருப்பவில்லை. ஒரு குப்பத்தில் கொண்டுபோய் எங்கள் பங்குக்கு இறக்கினோம்.

ஓர் அம்மா வந்து கிளறிப் பார்த்தார். முதலில் கையில் வந்தது கம்பளி ஸ்வெட்டர். அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, "உள்பாவாடை இருக்கா தம்பி?" என்றார். இல்லை. "அப்ப ஒரு அன்னக்கூடை கெடைக்குமா?" மீன் விற்கப் போகிறவர்கள் தலையில் சுமக்கும் அலுமினியப் பாத்திரம் அது. அது இருந்தால் மறுநாளே கருவாடு வாங்கி விற்கப் போய்விடுவார். எங்களிடம் அதுவும் இல்லை. கல்லூரி ஆண்டு மலரில் "4,000 ஆடைகள் வழங்கப்பட்டன" என்று எழுதினோம். எண்ணிக்கை சரிதான்.

அதற்குப் பிறகு பல பேரிடர்களில் வேலை பார்த்துவிட்டேன். பார்த்த தவறுகளில் முக்கால்வாசி அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. பணம் கொடுத்தவருக்குக் காட்ட ஒரு கணக்கு உண்டு. பில், போட்டோ, பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை எல்லாம் அதற்கு. பொருளைப் பெற்றவருக்குக் காட்ட வேண்டிய கணக்கு இன்னொன்று. அதை யாரும் எழுதுவதில்லை. அக்கவுண்டபிலிட்டி என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிறார்கள். இலங்கைத் தமிழில் பொறுப்புக்கூறல் என்ற நல்ல சொல்லே இருக்கிறது. யாருக்குக் கூறுவது என்பதில்தான் சிக்கல்.

புதிதாக யாரும் கண்டுபிடித்த விஷயமில்லை. 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் சில பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த நடத்தை நெறிகள் பத்தில் ஒன்பதாவது இதைத்தான் சொல்கிறது: உதவி பெறுவோர், நிதி தருவோர் இருவருக்கும் நாங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அதே ஆண்டு ருவாண்டாவிலிருந்து ஓடிவந்த மக்கள் அன்றைய சயீரில் இருந்த கோமா நகர முகாம்களில் காலராவுக்குக் கொத்துக்கொத்தாகப் பலியானார்கள். உலகின் பெரிய பெரிய உதவி நிறுவனங்கள் அங்கே இருந்தும் அது நடந்தது. அந்தச் சூட்டில்தான் 1997-ல் ஸ்பியர் திட்டம் பிறந்தது. தண்ணீர், கழிப்பறை, உணவு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றில் குறைந்தபட்சம் இவ்வளவாவது வேண்டும் என்று வரையறுக்கும் கையேடு அது. இப்போது புழங்குவது 2018-ல் வந்த நான்காம் பதிப்பு. 2014-ல் ஒன்பது உறுதிமொழிகள் கொண்ட அடிப்படை மனிதநேயத் தரநிலையும் வந்தது. 2024-ல் அதைத் திருத்தினார்கள். ஆக, புத்தகத்துக்குப் பஞ்சமில்லை.

இருப்பதைக் கொண்டுபோய்க் கொட்டுவது

துணியை மட்டும் சொல்லிப் பயனில்லை. பால்மாவு அதைவிட ஆபத்து. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது, இலவசப் பால்மாவு டப்பாக்கள் வரைமுறையின்றி விநியோகமாயின. பிறகு ஆராய்ந்து பார்த்தால், பால்மாவு கிடைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு மற்றக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு. சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க விறகும் இல்லாத இடத்தில் வேறென்ன நடக்கும்? தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்களையும் அந்த டப்பா நிறுத்த வைத்துவிடுகிறது.

கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்பது எளிய பதில். ஆனால் கேட்பதிலும் ஒரு தவறு உண்டு. வண்டியில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு "என்ன வேணும்?" என்று கேட்டால் "அரிசி" என்றுதான் பதில் வரும். வேண்டாம் என்றால் இவரும் வரமாட்டாரோ என்ற பயம். வெறுங்கையோடு ஒரு நாள் முன்னதாகப் போய், பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

நிவாரணப் பொருள் சந்தையில் விலைக்கு வந்துவிட்டால் உடனே "விற்றுத் தின்கிறார்கள்" என்று ஒரு குரல் எழும். எனக்கு அது மதிப்பீட்டு அறிக்கையாகத்தான் தெரியும். மூன்றாவது போர்வையை விற்று ஒரு குடும்பம் மண்ணெண்ணெய் வாங்கினால், போர்வை போதும், எரிபொருள் இல்லை என்று அர்த்தம். கடைகள் திறந்திருக்கும் இடத்தில் நேரடியாகப் பணமே கொடுத்துவிடுவது நல்லது. பணம் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பவர்களுக்கு ஒன்று: அரிசியையும் விற்றுக் குடிக்கலாம்.

கொடுத்ததை எண்ணுவது: படகுக் கதை

சுனாமிக்குக் குவிந்த நிதி மிகப் பெரியது. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 7,100 டாலருக்கும் மேல் வந்ததாகச் சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006-ல் கணக்கிட்டது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு வந்தது 3 டாலர். தேவை பார்த்துக் கொடு என்பது முதல் விதி. தொலைக்காட்சி பார்த்துத்தான் கொடுத்தோம்.

அவ்வளவு பணத்தையும் சீக்கிரம் செலவழித்துக் காட்ட வேண்டும். அதற்குப் படகைவிடத் தோதான பொருள் இல்லை. கண்ணுக்குத் தெரியும், பக்கவாட்டில் பெயர் எழுதலாம், வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம். கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த கரைகளில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. படகு கட்டும் பட்டறைகள் ஒரே மாதத்தில் முளைத்தன. பழகாத கைகள், மெல்லிய பூச்சு. நான் தட்டிப் பார்த்த ஒரு படகின் அடிப்பாகம் பிளாஸ்டிக் வாளி மாதிரி சத்தம் கொடுத்தது. என்ஜின் ஒரு நிறுவனம், வலை இன்னொரு நிறுவனம் என்று பிரித்துக்கொண்டதில், வலை வராமல் கரையிலேயே காய்ந்த படகுகளும் உண்டு. நேற்றுவரை கூலிக்குப் போனவர் படகுச் சொந்தக்காரர் ஆனது நல்லதுதான். ஆனால் எல்லோரும் சொந்தக்காரர் ஆகிவிட்டால் கூட ஏறக் கடலுக்கு ஆள் எங்கே?

இலங்கையிலும் இதே கதை. சிறு படகுகள் தேவைக்கு மேல் சேர்ந்தன, கடலுக்கு உதவாதவை பல. வீட்டிலும் அப்படித்தான்: மிக மோசமாக அடிபட்ட அம்பாறையில் வீடு கட்டும் வேலை இழுத்துக்கொண்டே போனது, தெற்கே அம்பாந்தோட்டையில் தேவைக்கு மேலேயே கட்டினார்கள்.

எத்தனை படகு கொடுத்தீர்கள் என்று எல்லா நன்கொடையாளரும் கேட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதில் எத்தனை கடலுக்குப் போகிறது என்று கேட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. அறிக்கைப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தாலே பாதித் தவறு நடந்திருக்காது.

பட்டியலை நம்புவது

நாகை, காரைக்கால் கரையோர மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது. பொருளை அவர்களிடம் ஒப்படைத்தால் அடிதடி இல்லாமல் ஒரே மாலையில் பங்கு பிரித்துவிடுவார்கள். அந்த ஒழுங்கை வெளியிலிருந்து வந்த எந்த நிறுவனத்தாலும் செய்திருக்க முடியாது. ஆனால் ஊர்க்கணக்கு தலைக்கட்டு வழியாகப் போகும். ஆம்பிளை இருக்கும் வீடு ஒரு பங்கு. கணவனைக் கடல் கொண்டுபோனவளுக்குச் சில ஊர்களில் அரைப் பங்கு, சில இடங்களில் அதுவும் இல்லை. ஊருக்குப் பின்னால் குடியிருந்த தலித் கூலிக் குடும்பங்கள், மீன் சுமந்தும் கருவாடு காயவைத்தும் பிழைத்தவர்கள், "படகு இல்லாதவர்கள்" என்பதால் பட்டியலிலேயே இல்லை. அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் இருந்திருக்கலாம். வேலை போனது போனதுதான்.

யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் யார் பெயர் இல்லை என்று தேடுங்கள். பட்டியலை ஊர்ப் பொதுவிடத்தில் உரக்க வாசியுங்கள். ஒட்டிவிட்டு வருவது போதாது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர்தான் பெரும்பாலும் விடுபட்டவர்.

இதோடு ஒட்டியது சாலையோர நோய். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன நிவாரண வண்டிகள் முதல் இரண்டு மூன்று ஊர்களிலேயே காலியாகிவிட்டன. ஐந்து கிலோமீட்டர் உள்ளே, சாய்ந்த தென்னைகளுக்கு நடுவே கிடந்த குடியிருப்புகளுக்கு அரிசிக்கு முன்னால் மரம் அறுக்கும் மெஷின்தான் வேண்டியிருந்தது.

எண்ணைப் பிடித்துக்கொண்டு கதவை மறப்பது

ஸ்பியர் கையேட்டு எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேர், தொடக்கத்தில் 50 பேருக்கும் விரைவிலேயே 20 பேருக்கும் ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். எண் இருப்பது நல்லது. சுனாமிக்குப் பின் போட்ட தார் ஷீட் கொட்டகைகளில் ஒரு வரிசையை நாடா வைத்து அளந்தேன்: பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஸ்பியர் கணக்குப்படி 188 சதுர அடி வர வேண்டும், இருந்தது 120. பகல் பதினோரு மணிக்கு உள்ளே உட்கார முடியாது, தார் உருகி வாடை வரும். கொட்டகைகளுக்கு நடுவே குறைந்தது 2 மீட்டர் இடைவெளி என்கிறது கையேடு. அங்கே ஒரு வீட்டு அடுப்புப் புகை அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போனது.

ஆனால் எண் சரியாக இருந்தும் வேலை கெடும். ஒரு முகாமில் 20 பேருக்கு ஒன்று என்று கணக்காகக் கழிப்பறை கட்டியிருந்தார்கள். பெண்கள் யாரும் போகவில்லை. உள்தாழ்ப்பாள் இல்லை, விளக்கு இல்லை, கதவு ஆண்கள் சீட்டாடும் திண்ணையைப் பார்த்துத் திறந்தது. பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாழ்ப்பாள் விலை அன்றைக்கு இருபது ரூபாய் இருக்கும்.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் நடந்தது வேறு மாதிரி. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வந்து சேர்ந்தார்கள். அவசரத்தில் ஆளுக்கொரு நிறுவனம் கழிப்பறைக் குழியும் ஆழமில்லாத அடிபம்பும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. குழிக்கும் நிலத்தடி நீர் எடுக்கும் இடத்துக்கும் 30 மீட்டர் வேண்டும் என்பது அடிப்படை. கழிப்பறை எண்ணிக்கையும் கூடியது, பம்பு எண்ணிக்கையும் கூடியது, தண்ணீரில் மலக் கிருமியும் கூடியது.

புகார்ப் பெட்டி மாட்டுவது

பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி, மேலே ஆங்கிலத்தில் எழுத்து. சாவி, யார்மேல் புகார் வருமோ அவரிடமே. இதைப் புகார் ஏற்பாடு என்று அறிக்கையில் எழுதுகிறோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் இரண்டு மிட்டாய்க் காகிதம். "புகார் ஏதும் இல்லை" என்று அதையும் எழுதுகிறோம்.

புகார் வராத முகாம் நல்ல முகாம் என்று நினைப்பது இந்தத் துறையின் ஆபத்தான தவறு. 2002-ல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில், உணவுக்கும் பொருளுக்கும் ஈடாகச் சிறுமிகளை உதவிப் பணியாளர்களே பாலியல் ரீதியாகச் சுரண்டியது வெளியே வந்தது. அதுவரை அங்கெல்லாம் "புகார் இல்லை". ஹைட்டியில் பிரிட்டிஷ் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாமின் பணியாளர்கள் சிலரின் பாலியல் முறைகேடு 2018-ல் உலகச் செய்தியானபோது, நிறுவனத்துக்குள் அது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயமாக இருந்தது. அரிசி கொடுக்கும் கையைப் பற்றி அந்தக் கையிடமே யாரும் முறையிட மாட்டார்கள். பொருள் வழங்காத, வேறு இடத்திலிருந்து வரும் ஒரு பெண், வாரம் ஒரு நாள் வந்து மரத்தடியில் உட்கார்ந்தால் பேச்சு வரும். முதலில் தண்ணீர் லாரியைப் பற்றி. நான்காவது வாரம் மற்றதைப் பற்றி.

வந்த புகாருக்குப் பதில் வேண்டும், முடியாது என்ற பதிலானாலும். ஹைட்டியில் 2010 அக்டோபரில் காலரா பரவியது, ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவுதான் காரணம் என்று ஊர்க்காரர்கள் அன்றே கைகாட்டினார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். இடையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர்.

போட்டோ பற்றி ஒரே வரி: ரொட்டியை நீட்டிக்கொண்டு கேமரா வரும்வரை கையை விடாமல் நிற்பவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாம்.

கணக்கைச் சொல்லாமல் கிளம்புவது

கஜா சமயத்தில் தலைஞாயிறு பக்கம் ஒரு சிற்றூரில் வேலை பார்த்தோம். கூட இருந்த ஒரு மூத்தவர் பிடிவாதமாக ஒரு கரும்பலகை வாங்கி வைத்தார். என்ன வாங்கினோம், எத்தனை, ஒன்று என்ன விலை, எந்தத் தேதியோடு கிளம்புகிறோம், அதற்குப் பிறகு யாரிடம் கேட்க வேண்டும், எல்லாம் அதில். விலையைப் போடாதீர்கள், சண்டை வரும் என்று நான் தடுத்தேன். கேட்கவில்லை. தார்ப்பாய் 60 என்று என் கையால்தான் எழுதினேன்.

மறுநாள் காலை போனபோது 60-க்குக் கீழே கரித்துண்டால் கோணலாக எழுதியிருந்தது: "58 தான் வந்துச்சு". எனக்குச் சுருக்கென்றது. பஞ்சாயத்து அலுவலகத்தில் டோக்கன்களை எண்ணினோம், 58. வண்டியைத் துழாவினோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், மழை வந்தால் சாமான் மேல் போடலாம் என்று நாங்களே பிரித்து மடித்து வைத்த இரண்டு பாய் இருந்தது.