டெக்சஸில் லைசென்ஸ் இருந்தும் கைத்துப்பாக்கியோடு நுழையக் கூடாத இடங்கள்: புதியவர்களுக்குப் படிப்படியாக

போன அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மகள் எடுத்திருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். வாராவாரம் போகிற இடம். இடுப்பில் ஹோல்ஸ்டர், மேலே தொளதொள சட்டை, பர்ஸில் டெக்சஸ் அரசு கொடுத்த எல்டிசி அட்டை, அதாவது கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் லைசென்ஸ். கதவுக்குப் பத்தடி இருக்கும்போதுதான் புல்தரையில் ஊன்றியிருந்த சின்னப் பலகை கண்ணில் பட்டது: "வோட் ஹியர்". அதன் கீழே ஸ்பானிஷில் "வோட்டே அக்கி".

உள்ளே முன்கூட்டிய வாக்குப்பதிவு நடக்கிறது. முந்தின சனிக்கிழமை எந்தத் தப்பும் இல்லாமல் நான் நுழைந்த அதே கட்டடம், அன்றைக்கு நுழைந்திருந்தால் மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். 2 முதல் 10 வருஷம் சிறை, 10,000 டாலர் வரை அபராதம். புத்தகப் பையோடு காருக்குத் திரும்பி நடந்தேன்.

லைசென்ஸ் வாங்குவது பெரிய காரியமில்லை. நாலைந்து மணி நேர வகுப்பு, எழுத்துத் தேர்வு, 3, 7, 15 கஜ தூரங்களில் 50 ரவுண்டு சுடுவது, 40 டாலர் கட்டணம், அவ்வளவுதான். ஆனால் எங்கே கொண்டு போகக் கூடாது என்பதை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடுகிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள்கூட வாசலில் நிற்கும்போது தடுமாறுகிறார்கள். அதனால் மனப்பாடத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பழகச் சொல்கிறேன்: இந்தக் கதவில் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு? மாநிலத்துக்கா, மத்திய அரசுக்கா, இடத்தின் சொந்தக்காரருக்கா?

படி 1: முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

நம் ஆட்கள் பலர் சறுக்குகிற இடம் இதுதான். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அப்பாவையோ மாமனாரையோ ஆசைக்காகச் சுடும் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அவருக்கும் ஆபத்து, கொடுத்த உங்களுக்கும் ஆபத்து.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது ஆனவர், வேறு தடை இல்லையென்றால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். "அப்படியானால் லைசென்ஸ் எதற்கு?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பள்ளி ஒன்றே போதுமான காரணம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்திய சட்டம். அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் குண்டு போட்ட துப்பாக்கியோடு பிள்ளையை விட வரிசையில் காரை நிறுத்தினாலே அந்தச் சட்டத்தில் மாட்டலாம்.

படி 2: மாநிலம் நேரடியாகத் தடுக்கும் இடங்கள்

டெக்சஸ் தண்டனைச் சட்டம் 46.03-ஆம் பிரிவு. இங்கே பல இடங்களுக்கு வாசலில் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை தடைதான்.

பள்ளிக் கட்டடம், பள்ளி பஸ், பள்ளி நடத்தும் நிகழ்ச்சி நடக்கிற மைதானம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆட்டமும் இதில் அடக்கம். தொழில்முறை விளையாட்டுப் போட்டிகளும் அப்படியே. நீதிமன்றமும் அது பயன்படுத்தும் அலுவலகங்களும். சிறைச்சாலை. குதிரைப் பந்தய மைதானம். விமான நிலையத்தில் சோதனைக்கு அப்பால் உள்ள பகுதி. ஹன்ட்ஸ்வில்லில் மரண தண்டனை நிறைவேற்றப்படும் நாளில் அந்த இடத்தைச் சுற்றி 1,000 அடி என்றுகூட ஒரு வரி உண்டு. நமக்கு வேலை வராது, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வாக்குச்சாவடிதான். மற்ற இடங்கள் என்றும் ஒரே மாதிரி இருக்கும். வாக்குச்சாவடி அப்படியில்லை. நூலகம், சமூகக்கூடம், சில ஊர்களில் சூப்பர் மார்க்கெட், சர்ச் என்று எங்கே வேண்டுமானாலும் முளைக்கும். தேர்தல் நாள் மட்டுமில்லை, அதற்கு முன் நடக்கும் முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களும் சேர்த்தி. நவம்பர் தேர்தலோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். மார்ச்சில் கட்சிகளின் முதற்கட்டத் தேர்தல், மே மாதம் நகராட்சி, பள்ளிக் குழுத் தேர்தல்கள் வரும். உங்கள் கவுன்ட்டியின் தேர்தல் அலுவலக இணையதளத்தில் வாக்குச்சாவடிப் பட்டியல் இருக்கும். நான் இப்போது அந்தத் தேதிகளைப் போன் காலண்டரில் சிவப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

கல்லூரி கொஞ்சம் சிக்கல். 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் லைசென்ஸ் உள்ளவர், வெளியே தெரியாமல் மறைத்து, எடுத்துச் செல்லலாம். லைசென்ஸ் இல்லாதவருக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சில ஆய்வுக்கூடங்கள், சில விடுதிகள் என்று தனக்கான விலக்குப் பகுதிகளை வைத்திருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் மொத்தமாகவே மறுக்கலாம். ரைஸ், பெய்லர், எஸ்எம்யூ எல்லாம் மறுத்துவிட்டன. பிள்ளையைப் பார்க்கப் போகும்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைத் தனியாகப் படியுங்கள்.

படி 3: போர்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தனியார் இடத்தில் தடுக்க வேண்டுமானால் சொந்தக்காரர் சட்டம் சொன்ன முறையில் சொல்ல வேண்டும். அந்த முறை ரொம்பக் கறார்.

30.06 என்ற எண்ணைத் தேடுங்கள். மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ்காரரைத் தடுக்கும் போர்டு அதுதான். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் சட்ட வாசகம் அப்படியே இருக்கும். எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் அங்குல உயரம், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறம், எல்லோர் கண்ணிலும் படும் இடம். இதனால்தான் இந்த போர்டுகள் கதவு அகலத்துக்கு இருக்கின்றன. 30.07 என்றால் வெளியே தெரியும்படி எடுத்துவருவதற்குத் தடை. 30.05 என்றால் லைசென்ஸ் இல்லாதவருக்கு. மறைத்து எடுத்துச் செல்பவருக்கு 30.07 மட்டும் ஒட்டிய கடையில் சட்டப்படி தடை இல்லை. துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட சின்ன ஸ்டிக்கர் 30.06 ஆகாது. ஆனாலும் அப்படி ஒட்டியவர் மனசில் இருப்பது தெரிகிறதே, நான் அந்தக் கடைக்குத் துப்பாக்கியோடு போவதில்லை. இது சட்டம் சொல்வது இல்லை, என் வழக்கம்.

அப்புறம் மது விற்கும் இடங்கள். இரண்டு போர்டு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வந்தால், பெரிய சிவப்பு "51%" போட்ட போர்டு. அங்கே லைசென்ஸ் இருந்தாலும் நுழையக் கூடாது, பெருங்குற்றம். மளிகைக் கடையிலும் சாதாரண ரெஸ்டாரன்ட்டிலும் இருப்பது வேறு போர்டு, அது லைசென்ஸ் இல்லாதவர்களுக்கான எச்சரிக்கை. தடுப்பது அந்தச் சிவப்பு எண்தான். பொது இடத்தில் போதையில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது தனிக் குற்றம். பிறந்தநாள் பார்ட்டியில் ஒரு பியர் குடிக்கும் எண்ணம் இருந்தாலே நான் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

ஆஸ்பத்திரி, முதியோர் பராமரிப்பு இல்லம், பெரிய கேளிக்கைப் பூங்கா ஆகியவற்றிலும் வாசல் போர்டை நின்று படியுங்கள். பெரும்பாலும் ஒட்டியிருப்பார்கள்.

கோயிலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019 செப்டம்பர் 1-க்கு முன் வழிபாட்டுத் தலங்கள் தடைப் பட்டியலில் தனியாக இருந்தன. சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் சர்ச்சில் 2017 நவம்பரில் நடந்த படுகொலைக்குப் பிறகு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது சர்ச், மசூதி, இந்துக் கோயில் எல்லாம் மற்றத் தனியார் இடங்கள் மாதிரியே. நிர்வாகம் போர்டு வைத்தால் தடை, வைக்காவிட்டால் சட்டத்தில் தடை இல்லை. அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் கூட்டத்தில், குனிந்து கும்பிடும்போது சட்டை விலகித் துப்பாக்கி தெரிந்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கட்டடங்களில் நிலைமை தலைகீழ். பட்டியலில் இல்லாத நகராட்சிக் கட்டடத்தில் 30.06 போர்டு வைத்து லைசென்ஸ்காரரைத் தடுக்க நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. இதை வைத்துத்தான் 2024-இல் வழக்கு வந்தது. டல்லாஸ் நகரத்துக்குச் சொந்தமான ஃபேர் பார்க்கில் டெக்சஸ் ஸ்டேட் ஃபேர் என்ற வருடாந்திரத் திருவிழாவை நடத்தும் அமைப்பு துப்பாக்கிக்குத் தடை போட்டது. முந்தின வருஷம் அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் காயம்பட்டிருந்தார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். திருவிழா தொடங்குவதற்கு முன் தடையை நிறுத்தி வைக்க டெக்சஸ் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நிலம் அரசுடையது, நடத்துவது தனியார் என்ற இடங்களில் உங்கள் ஊகத்தை நம்பாதீர்கள்.

படி 4: மத்திய அரசு நிலம்

டெக்சஸ் லைசென்ஸ் இங்கே கைகொடுக்காது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், குடியுரிமை அலுவலகம், மத்திய நீதிமன்றம் எதற்குள்ளும் கொண்டு போகக் கூடாது. தபால் நிலைய விதி கட்டடத்தோடு நிற்காமல் பார்க்கிங் லாட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. அந்த விதியை எதிர்த்து நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள். முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் அடுத்த வழக்காக வேண்டாம். பார்சல் அனுப்பும் நாளில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல் மாநிலச் சட்டப்படி எடுத்துச் செல்லலாம். பிக் பெண்டில் மலையேறும்போது சரி, அங்குள்ள பார்வையாளர் மையத்துக்குள் கூடாது. டல்லாஸ் பக்கத்தில் நாம் ஞாயிற்றுக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு போகும் லூயிஸ்வில் ஏரி, கிரேப்வைன் ஏரி எல்லாம் ராணுவப் பொறியாளர் பிரிவு நிர்வகிப்பவை. அந்த நிலத்தில் குண்டு போட்ட துப்பாக்கிக்கு மத்திய விதியில் தனித் தடை உண்டு. கரையில் கோட்டை போன்ற சிவப்புச் சின்னம் போட்ட போர்டு தெரிந்தால் அது அவர்கள் இடம்.

படி 5: விமான நிலையத்துக்கு முந்தின ராத்திரி

2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பத்தில் ஒன்பதுக்கு மேல் குண்டு போட்டவை. அதிகம் பிடிபட்டது அட்லாண்டாவில், அடுத்தது நம் டல்லாஸ் ஃபோர்ட் வொர்த். பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: பையில் இருந்தது மறந்துவிட்டது.

டெக்சஸ் லைசென்ஸ் உள்ளவர் சோதனையில் பிடிபட்டு, சொன்னதும் உடனே வெளியேறினால் மாநிலச் சட்டத்தில் கைது செய்ய மாட்டார்கள். மத்திய அபராதம் அப்படி விடாது, பல ஆயிரம் டாலர் வரும், சோதனையைச் சீக்கிரம் முடிக்கும் ப்ரீசெக் வசதியும் போகும். அதனால் துப்பாக்கி வைக்கும் பையையும் பயணப் பையையும் ஒருபோதும் ஒன்றாக்காதீர்கள். எடுத்துப் போகத்தான் வேண்டுமென்றால் குண்டை எடுத்துவிட்டு, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, ஏர்லைன் கவுன்ட்டரில் சொல்லி, லக்கேஜில் போட வேண்டும்.

படி 6: காரில் வைத்துவிட்டுப் போவது

46.03-இல் "வளாகம்" என்றால் கட்டடம் அல்லது அதன் ஒரு பகுதி. நடைபாதை, பார்க்கிங் லாட் அதில் வராது. ஆகவே மாநிலச் சட்டத்தில் பெரும்பாலான இடங்களுக்குக் காரில் பூட்டி வைப்பதே வழி. வேலை பார்க்கும் கம்பெனி அலுவலகத்துக்குள் தடுக்கலாம். ஆனால் 2011 சட்டப்படி, பூட்டிய சொந்தக் காரில் வைத்திருப்பதைப் பெரும்பாலான கம்பெனிகள் தடுக்க முடியாது.

காரில் விட்டுப்போக மனசு ஒப்பாதவர்களை எனக்குப் புரிகிறது. 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரில் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சுசானா ஹப், அன்றைய சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரில் விட்டிருந்தார். கைப்பைக்குக் கை போனது, அது அங்கே இல்லை. பெற்றோர் இருவரையும் இழந்தார். 1995-இல் டெக்சஸில் மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் சட்டம் வந்ததற்குப் பின்னால் அவர் சாட்சியம் இருக்கிறது. அடுத்த வருஷம் அவரே சட்டமன்றத்துக்குத் தேர்வானார்.

அதே சமயம் காரிலிருந்து திருடுபோகும் துப்பாக்கி எங்கே போய்ச் சேரும் என்பதும் நமக்குத் தெரியும். கிளவ் பாக்ஸில் வைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் கேபிளால் கட்டிய சிறு இரும்புப் பெட்டி வாங்கிப் போடுங்கள். துப்பாக்கியைக் கழற்றிப் பெட்டியில் வைப்பதைப் போகிற இடத்தின் வாசலில் நின்று செய்யாமல், முந்தின நிறுத்தத்திலேயே செய்துவிடுங்கள். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி வைத்தால் அது வேறு குற்றம். பின் சீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது பெட்டி எப்போதும் பூட்டியே இருக்கட்டும்.

படி 7: தவறி நுழைந்துவிட்டால்

30.06 போர்டைக் கவனிக்காமல் நுழைந்தது மட்டுமென்றால் அதிகபட்சம் 200 டாலர் அபராதம். கடைக்காரரோ காவலாளியோ வந்து வாயால் சொல்லியும் வெளியேறாமல் நின்றால் அது ஒரு வருஷம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். சொல்பவர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அங்கே வாதம் வேண்டாம். கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு, "சரி, போகிறேன்" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த சாமானைக் கவுன்ட்டரிலேயே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். போலீஸ்காரர் அடையாள அட்டை கேட்டால் டிரைவிங் லைசென்ஸோடு எல்டிசியையும் சேர்த்து நீட்டுங்கள். துப்பாக்கியைத் தொட்டுக் காட்டாதீர்கள், எங்கே இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதும்.