‘பொட்டம்கின் போர்க்கப்பல்’: சரியான பிரதியைத் தேர்ந்து பார்ப்பது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

சோவியத் இயக்குநர் செர்கெய் ஐசன்ஸ்டைன் 1925 இல் எடுத்த ‘பொட்டம்கின் போர்க்கப்பல்’ என்ற ஊமைப்படத்தை இணையத்தில் தேடினால், ஒரே பெயரில் பல பிரதிகள் கிடைக்கும். ஒன்றில் வீரர்கள் ஓட்டமாக நடப்பார்கள். இன்னொன்றில் இசை முற்றிலும் வேறாக இருக்கும். வேறொன்றில் ஷாட்டுகளே (கேமரா இடைவிடாமல் எடுத்த துண்டுகளே) குறைந்திருக்கும். முதன்முறையாகப் பார்ப்பவர் இவற்றில் ஏதோ ஒன்றைத் திறந்து, இருபது நிமிடத்தில் சலித்து, ‘இதையா உலகின் மிகச் சிறந்த படம் என்கிறார்கள்?’ என்று மூடிவிடுவது உண்டு. பெரும்பாலும் குறை பிரதியில்தான் இருக்கிறது. இந்தப் படத்தின் ஆற்றல் நடிப்பிலோ கதையிலோ இருப்பதைவிட, ஒரு ஷாட் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற வெட்டில்தான் அதிகம் இருக்கிறது. ஆகவே வெட்டுகள் கலைந்த பிரதியில் படமே கலைந்துபோகிறது. சரியான பிரதியைக் கண்டறிவது, அதைப் பார்ப்பதற்கான ஏற்பாடு, பார்த்த பின் படத்தொகுப்பைக் கற்றுக்கொள்வதற்கான பயிற்சி ஆகியவற்றை இங்கே வரிசையாக விளக்குகிறேன். தேவையானவை ஒரு கணினி, ஒரு தாள், ஒரு பென்சில் ஆகியவை மட்டுமே.

முதல் கட்டம்: படத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள்

1905 ஜூன் மாதத்தில் கருங்கடலில் இருந்த ரஷ்யப் போர்க்கப்பலான பொட்டம்கினில், புழு நெளிந்த இறைச்சியை உண்ண மறுத்த மாலுமிகள் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அதன் இருபதாம் ஆண்டு நினைவுக்காக, 1905 புரட்சி முழுவதையும் பற்றி ஒரு பெரிய படம் எடுக்கும் பணி 27 வயதான ஐசன்ஸ்டைனிடம் ஒப்படைக்கப்பட்டது. நீனா அகட்ஜனோவா எழுதிய விரிவான திரைக்கதையில் இந்தக் கப்பல் நிகழ்ச்சி ஒரு சிறு பகுதி மட்டுமே. வடக்கே வானிலை கைகொடுக்காததால் படப்பிடிப்புக் குழு தெற்கே, கருங்கடல் துறைமுக நகரமான ஒடெஸாவுக்குச் சென்றது. அங்கே அந்தச் சிறு பகுதியே முழுப் படமாக வளர்ந்தது. உண்மையான பொட்டம்கின் கப்பல் அதற்குள் உடைக்கப்பட்டுவிட்டதால், ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்ற பழைய போர்க்கப்பலில் படம்பிடித்தார்கள். ஒளிப்பதிவு எட்வர்ட் டிஸ்ஸே. 1925 டிசம்பர் 21 அன்று மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

சிக்கல் அதற்குப் பின் தொடங்கியது. படத்தின் மூல நெகட்டிவ், அதாவது திரையிடுவதற்கான பிரிண்டுகளை எடுக்கப் பயன்படும் ஃபிலிம், ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. அங்கே 1926 இல் தணிக்கையாளர்கள் முதலில் தடை விதித்து, பிறகு வெட்டுகளுடன் அனுமதி கொடுத்தார்கள். ஒரு பிரிண்டில் வெட்டினால் மற்றப் பிரிண்டுகள் தப்பிக்கும். நெகட்டிவிலேயே கை வைத்தால் அதிலிருந்து பின்னர் எடுக்கப்படும் ஒவ்வொரு பிரிண்டும் குறையோடுதான் பிறக்கும். இந்தப் படத்துக்கு நேர்ந்தது இரண்டாவது வகைக் கேடு. சோவியத் ஒன்றியத்திலும் அது தப்பவில்லை: படத்தின் தொடக்கத்தில், புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ரொட்ஸ்கியின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்ட வாசகம் இருந்தது, அவர் ஆட்சியாளர்களின் பகைக்கு ஆளானதும் அது நீக்கப்பட்டு, லெனினின் வாசகம் அந்த இடத்தில் வைக்கப்பட்டது. படத்தை ஜெர்மனியின் தணிக்கையாளர் அஞ்சினார். படம் எடுத்த நாட்டின் அரசோ அதன் முதல் வரியை அஞ்சியது. இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1976 இல் மாஸ்கோவில் ஒரு மீட்பு, அதாவது சிதைந்த படத்தை மூல வடிவுக்குக் கொண்டுவரும் பணி, நடந்தது. அதற்கு சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் சிம்பொனிகளிலிருந்து எடுத்த இசை சேர்க்கப்பட்டது. அதைவிட முழுமையான மீட்பை, ஜெர்மானியத் திரைப்பட அறிஞர் என்னோ பட்டாலஸ் தலைமையில் பெர்லினின் திரைப்படக் காப்பகமான டாய்ச்சே கினமாதெக் செய்து முடித்து, 2005 பெர்லின் திரைப்பட விழாவில் வெளியிட்டது. பெர்லின், லண்டன், மாஸ்கோ ஆகிய நகரங்களின் காப்பகங்கள் ஒத்துழைத்தன. வெவ்வேறு பிரிண்டுகளை ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டு, காணாமற்போனவற்றை உரிய இடத்தில் பொருத்தி, திரையில் எழுத்தாக வரும் டைட்டில் கார்டுகளைப் பழைய வாசகங்களுடன் மீண்டும் அமைத்தார்கள். கீறல் துடைப்பதும் வெளிச்சம் கூட்டுவதும் மட்டுமே மீட்பு என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே நடந்த வேலையின் பெரும்பகுதி, எந்த ஷாட்டுக்குப் பின் எந்த ஷாட் என்பதை ஆதாரத்தோடு நிலைநாட்டியதுதான்.

இரண்டாம் கட்டம்: உங்கள் கையில் இருக்கும் பிரதியைச் சோதியுங்கள்

பிரதியைத் திறந்து, முழுவதும் பார்க்காமல், பின்வரும் இடங்களை மட்டும் சரிபாருங்கள்.

தொடக்க வாசகத்தைப் படியுங்கள். புரட்சியும் ஒரு போர், வரலாற்றின் போர்களிலேயே நியாயமான போர் என்ற கருத்து வந்தால், அது லெனினின் வாசகம். கையில் இருப்பது பிற்காலத் திருத்தம் பெற்ற பிரதி. தனிமனிதர் மக்கள் திரளில் கரைவதையும், திரள் எழுச்சியில் கரைவதையும் பற்றி வந்தால், அது ட்ரொட்ஸ்கியின் வாசகம். மீட்கப்பட்ட பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, ஐந்து அங்கங்கள் கொண்ட படத்தில் மூன்றாம் அங்கத்தின் முடிவுக்குச் செல்லுங்கள். கப்பலில் ஏற்றப்படும் கொடி சிவப்பாகத் தெரிய வேண்டும். அக்காலக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் சிவப்பு நிறம் கறுப்பாகப் பதியும் என்பதால், வெள்ளைக் கொடியைப் படம்பிடித்து, பிரிண்டில் ஃபிரேம் ஃபிரேமாக (ஒவ்வொரு தனிப் படச்சட்டமாக)க் கையால் சிவப்பு தீட்டினார்கள். சாம்பலும் கறுப்புமான அந்தத் திரையில் ஒரு சிறு துணி மட்டும் சிவப்பாகப் படபடப்பதைப் பார்க்கும்போது, போல்ஷோய் அரங்கில் அன்று எழுந்த ஆரவாரத்துக்குக் காரணம் விளங்கும். கொடி வெள்ளையாகவே இருந்தால் அந்தப் பிரதியை ஒதுக்கிவிடுங்கள்.

இசை யாருடையது என்பதையும் பாருங்கள். இசையமைப்பாளர் எட்முண்ட் மைஸல் 1926 இல் பெர்லின் வெளியீட்டுக்காக ஐசன்ஸ்டைனுடன் கலந்து பேசி எழுதிய இசையே 2005 பிரதியில் உள்ளது. ஹெல்முட் இமிக் அதைத் தழுவி அமைத்தார்.

கடைசியாக வேகம். இந்தப் படம் நொடிக்கு 24 ஃபிரேம் என்ற பிற்கால வேகத்துக்காக எடுக்கப்பட்டதன்று. மீட்கப்பட்ட பிரதி நொடிக்கு 18 ஃபிரேம் வேகத்தில் சுமார் 70 நிமிடம் ஓடுகிறது. உங்கள் பிரதியில் மனிதர்கள் வெடுக்வெடுக்கென்று நடந்தால், அது 24 ஃபிரேமில் ஓட்டி எடுத்த பிரதி. வேறு பிரதி கிடைக்காதபோது, விஎல்சி என்ற காணொளி மென்பொருளின் அல்லது யூடியூபின் வேக அமைப்பில் 0.75 என்று வைத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 24 இன் முக்கால் பங்கு 18 என்பதால் நடை இயல்புக்கு வந்துவிடும். இசை இழுபடும் என்பதால்தான் ஒலியை நிறுத்தச் சொல்கிறேன்.

மூன்றாம் கட்டம்: முதல் முறை இடைநிறுத்தாமல் பாருங்கள்

அறையை இருட்டாக்கி, கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஒரே அமர்வில் பாருங்கள். படம் ஐந்து அங்கங்களாகப் பிரிந்துள்ளது: புழு நெளியும் இறைச்சி, கப்பல் தளத்தில் கிளர்ச்சி, இறந்த மாலுமிக்காகத் திரளும் மக்கள், ஒடெஸா படிக்கட்டு, கடற்படையை எதிர்கொள்ளும் இரவு. நாயகன் என்று ஒருவரைத் தேடாதீர்கள். வாகுலின்சுக் என்ற மாலுமி முன்னணியில் நிற்கிறான். ஆனால் அவன் இரண்டாம் அங்கத்திலேயே கொல்லப்படுகிறான். அதன்பின் படத்தைச் சுமப்பது மக்கள் திரள்தான். குழந்தைகள் கொல்லப்படும் காட்சிகள் வருவதால், சிறுவர்களோடு சேர்ந்து பார்ப்பதைத் தவிருங்கள்.

இந்த முறை ஒரே ஒரு பொருளை மட்டும் கண்ணில் வைத்திருங்கள்: கப்பல் மருத்துவரின் மூக்குக்கண்ணாடி. இறைச்சியைச் சோதிக்க வரும் அவர், தம் மூக்குக்கண்ணாடியை இரண்டாக மடித்து உருப்பெருக்கி போலப் பிடித்துப் பார்க்கிறார். அதன் வழியே புழுக்கள் திரை நிறைய நெளிவதை நாமும் பார்க்கிறோம். அவரோ அவை புழுக்களே அல்ல, உப்புநீரில் கழுவினால் சரியாகிவிடும் என்கிறார். கிளர்ச்சியில் அவர் கடலில் எறியப்பட்ட பிறகு, அதே கண்ணாடி கயிற்றில் சிக்கித் தொங்குவது மட்டும் காட்டப்படுகிறது. ஒரு மனிதனின் பொய்யும் முடிவும் அந்த ஒரு பொருளில் அடங்கிவிடுகின்றன.

நான்காம் கட்டம்: தட்டு உடையும் இடத்தை ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள்

முதல் அங்கத்தின் முடிவில் ஓர் இளம் மாலுமி அதிகாரிகளின் தட்டுகளைக் கழுவுகிறான். ஒரு தட்டின் விளிம்பில், ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்ற செபவரி பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பிப் படித்தவன் ஓங்கி உடைக்கிறான். விஎல்சியில் ‘ஈ’ விசையையும், யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையையும் அழுத்தினால் ஃபிரேம் ஃபிரேமாக நகரலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் தாளில் ஒரு கோடு போடுங்கள்.

கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய செயல் எத்தனை துண்டுகளாகப் பிளந்திருக்கிறது என்பதைக் கோடுகள் சொல்லும். கை ஓங்கும் அசைவு வேறு வேறு கோணங்களில் மீண்டும் வருகிறது. ஒரு தோளுக்கு மேலிருந்தும், பிறகு மறு தோளுக்கு மேலிருந்தும் அவன் வீசுவதாகத் தெரிகிறது. நடப்புக் காலத்தோடு இது பொருந்தாது. சாதாரண வேகத்தில் பார்க்கும்போது இந்தப் பிழை கண்ணில் படாமல், அவனுடைய கோபத்தின் கனம் மட்டும் நமக்குள் இறங்குகிறது. நேரத்தை நீட்டவும் மடக்கவும் படத்தொகுப்பால் முடியும் என்பதை இந்த ஒரு தட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். மீட்புப் பணியில் ஒரு நொடிக்கும் குறைவான துண்டுக்காக ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதும் இங்கே புரியும்.

ஐந்தாம் கட்டம்: ஒடெஸா படிக்கட்டை மூன்று முறை பாருங்கள்

இந்தப் பயிற்சிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இடத்தை முதலில் அறிந்துகொள்வது உதவும். நகரத்தையும் துறைமுகத்தையும் இணைக்கும் அந்தப் படிக்கட்டில் இன்று 192 படிகள் உள்ளன. மேற்படி சுமார் 12.5 மீட்டர் அகலம், கீழ்ப்படி 21.7 மீட்டர். மேலிருந்து பார்த்தால் சமதளங்கள் மட்டும் தெரியும். கீழிருந்து பார்த்தால் படிகள் மட்டும் தெரியும். டிஸ்ஸே படிக்கட்டின் ஓரமாகத் தள்ளுவண்டியில் கேமராவை ஏற்றி, ஓடும் மக்களோடு சேர்த்து இறக்கினார்.

முதல் முறை ஒலியுடன் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்தி, திசையை மட்டும் கவனியுங்கள். மக்கள் கீழ்நோக்கிச் சிதறுகிறார்கள். படைவீரர்களின் பூட்ஸ் கால்கள் ஒரே சீராகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. அந்த ஓட்டத்துக்கு எதிராக ஒரு தாய், மிதிபட்ட மகனைக் கைகளில் ஏந்தி மேல்நோக்கி நடக்கிறாள். திரை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும்போது அவள் எதிர்த்திசையில் ஏறுவதால்தான், வசனம் எதுவும் தேவைப்படாமல் அந்தக் காட்சி நெஞ்சை அடைக்கிறது. அவள் சுடப்பட்ட பிறகு, இன்னொரு தாயின் குழந்தைவண்டி குழந்தையுடன் தானாக உருளத் தொடங்குகிறது. இறக்கம் இப்போது யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. பூட்ஸ் கால்களின் சீரும் குழந்தைவண்டியின் தடுமாற்றமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் முறை கடிகாரத்தோடு பாருங்கள். காட்சி பல நிமிடங்கள் நீள்கிறது. நூற்றுத்தொண்ணூற்றிரண்டு படிகளை ஓடிக் கடக்க அவ்வளவு நேரம் ஆகாது. படிக்கட்டே முடிவில்லாமல் நீண்டுவிட்டதாகத் தோன்றச் செய்தது வெட்டுகள்தான். தணிக்கையாளர்களின் கத்தரி கொடுமையான ஷாட்டுகளை எடுத்தபோது, கொடுமை குறைந்ததோடு படிக்கட்டின் நீளமும் குறைந்தது.

இங்கே ஓர் உண்மையையும் பதிவு செய்ய வேண்டும். 1905 இல் ஒடெஸாவில் அரசுப் படையினர் மக்களைச் சுட்டுக் கொன்றது வரலாறு. ஆனால் இந்தப் படிக்கட்டில் இதே வடிவில் ஒரு படுகொலை நடக்கவில்லை. அது ஐசன்ஸ்டைனின் ஆக்கம். அந்தப் படிக்கட்டுக்கு 1955 இல் பொட்டம்கின் என்று பெயரே சூட்டிவிட்டார்கள் என்றால், ஒரு படம் மக்கள் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதேபோல், படம் வெற்றி முழக்கத்தோடு முடிகிறது. உண்மைக் கப்பல் ருமேனியாவின் கான்ஸ்டன்ட்ஸா துறைமுகத்தில் சரணடைந்தது. வரலாற்றுப் பாடமாக இதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இந்த இரண்டையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

காட்சியின் முடிவில் கப்பலின் பீரங்கிகள் பதிலடி கொடுக்கும்போது, உறங்கும் சிங்கம், விழிக்கும் சிங்கம், எழும் சிங்கம் என்று மூன்று கல் உருவங்கள் வருகின்றன. மூன்றும் கிரிமியாவின் ஆலுப்கா அரண்மனையில் இருக்கும் தனித்தனிச் சிலைகள். ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தால் மூன்று சிலைகள். ஓடவிட்டால் ஒரே சிங்கம் துள்ளி எழுகிறது. மூன்றில் ஒரு ஷாட் விடுபட்டிருந்தால் கல் கல்லாகவே கிடந்திருக்கும்.

ஆறாம் கட்டம்: இரண்டு இசைகளையும் ஒப்பிடுங்கள்

1926 க்குப் பின் இந்தப் படம் பல நாடுகளில் தடைகளைச் சந்தித்தது. பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1958 இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படமாகத் தேர்வானது. சத்யஜித் ராய் உள்ளிட்டோர் 1947 இல் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியின் தொடக்கத் திரையிடலும் இந்தப் படம்தான். 2004 இல் பெட் ஷாப் பாய்ஸ் இசைக்குழு புதிதாக இசையமைத்து, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இதைத் திரையிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் இசையைச் சேர்க்க இந்தப் படம் இடம் கொடுக்கிறது.

ஆகவே கடைசிப் பயிற்சியாக ஐந்தாம் அங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டின் புகழில் மறைந்துபோன இந்த அங்கத்தை நான் படத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாகக் கருதுகிறேன். எதிரிக் கப்பல்கள் நெருங்கும் இரவில், இயந்திரத் தண்டுகள், அளவுமானிகள், திரும்பும் பீரங்கிகள், காத்திருக்கும் முகங்கள் ஆகியவற்றைக் கொண்டே பதற்றம் கூட்டப்படுகிறது. முதலில் மைஸலின் இசையோடும், பிறகு ஷோஸ்டகோவிச்சின் இசை சேர்ந்த 1976 பிரதியோடும் பாருங்கள். மைஸல் இயந்திரத்தின் ஓட்டத்தையே தாளமாக்கி விடாமல் முடுக்குகிறார். ஷோஸ்டகோவிச்சின் இசையில் துயரமும் பெருமிதமும் மேலோங்குகின்றன. என் தேர்வு மைஸல், ஏனெனில் அவருடைய தாளம் வெட்டுகளோடு சேர்ந்து நடக்கிறது. தாளை இரண்டு பத்திகளாகப் பிரித்து, இசையின் அடி எந்த ஷாட்டில் விழுகிறது, எங்கே வெட்டைத் தாண்டிச் செல்கிறது என்று ஒவ்வொரு பிரதிக்கும் குறித்துவாருங்கள். முதல் ஐந்து நிமிடங்களுக்குச் செய்தால் போதும்; உங்கள் தேர்வு எது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடலாம்.