இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் எடுக்கிறது எப்பிடி: கொழும்பில ஐடி படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு

வெள்ளவத்தையில எங்கட பில்டிங்ல மட்டும் மூண்டு பிள்ளையள் கம்ப்யூட்டர் சயன்ஸ் மூண்டாம் வருசம், மூண்டு பேரும் வேற வேற கம்பஸ், ஆனா என்னட்ட கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, கம்பனி கிடைச்சிட்டு, இனி கிரெடிட் தானா வரும்தானே?" வராது. கம்பனி தாறது வேலை, அலவன்ஸ், முடியேக்க ஒரு சேர்விஸ் லெட்டர். டிகிரிக்குக் கணக்கெடுக்கிற கிரெடிட்டைத் தாறது கம்பஸ், அதுக்கு அவங்கட வழியால போகோணும்.

நான் இதைத் தெரியாமப் பட்டனான். கம்பனி அவசரமா வரச்சொல்லிச்சு, கம்பஸின்ட அப்ரூவல் ஃபோர்ம் கையெழுத்தாகாம மேசையில கிடக்க நான் வேலைக்குப் போயிட்டன். கையெழுத்து விழ 5 கிழமை எடுத்தது, அந்த 5 கிழமையையும் கணக்கில சேர்க்கேல்ல, அடுத்த செமஸ்டர் தொடங்கின பிறகும் லெக்சருக்கும் ஒஃபிஸுக்கும் மாறி மாறி ஓடினன். உங்களுக்கு அது வரக்கூடாது எண்டுதான் எழுதுறன்.

முதல் வேலை: ஹேண்ட்புக்

சீனியர் சொன்னதை நம்பாமல் உங்கட பட்சுக்குரிய ஹேண்ட்புக்கை எடுங்கோ. இன்டர்ன்ஷிப் கட்டாயமா, விருப்பப் பாடமா, எத்தினை கிரெடிட், ஜீபிஏக்குள்ள வருமா இல்லாட்டி பாஸ் ஃபெயில் மட்டுமா, குறைஞ்சது எத்தினை கிழமை. இவ்வளவையும் ஒரு தாளில குறிச்சு வையுங்கோ. பாடத்துக்கு ரெஜிஸ்டர் பண்ணவும் வேணும், கனபேர் இதை மறக்கிறவை.

கணக்கு

இலங்கை டிகிரி எண்டா எஸ்எல்கியூஎஃப் முறை, அதாவது இலங்கையின்ட தகைமைகளுக்கான தேசியச் சட்டகம். சாதாரண பாடத்துக்கு 1 கிரெடிட் 50 மணித்தியாலம், ஆனா இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங்குக்கு 1 கிரெடிட்டுக்குக் குறைஞ்சது 100 மணித்தியாலம், மதிப்பீட்டுக்குப் போற நேரமும் அதுக்குள்ளதான். அப்ப 6 கிரெடிட் எண்டா 600 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 8 படி கிழமைக்கு 5 நாள் போனா 15 கிழமை. இதில போயா லீவைக் கழிக்க மறந்துடாதேங்கோ, சித்திரை வருசம், வெசாக் எல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வாற ஏப்ரல் மே மாசத்தில லீவு சேர்ந்துபோயிடும், அதால எண்ட் டேட்டை ரெண்டு கிழமை தள்ளியே கேளுங்கோ.

கொழும்பிலயே இருந்து பிரிட்டிஷ் டிகிரி படிக்கிறாக்களுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. அங்க 1 கிரெடிட் 10 மணித்தியாலம், ஹொனர்ஸ் டிகிரிக்கு 360 கிரெடிட், எங்கட முறையில அதே ஹொனர்ஸுக்கு 120. ஃப்ரெண்ட் சொன்ன நம்பரை எடுத்து உங்கடயோட ஒப்பிட்டுக் குழம்பாதேங்கோ.

ஜொயின் பண்ண முதல் அப்ரூவல்

எச்ஆரிட்ட ஓஃபர் லெட்டர் கேக்கேக்க தொடங்கிற திகதி, முடியிற திகதி, கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், சூப்பர்வைசரின்ட பேரும் பதவியும், என்ன வேலை எண்டதும் அதில இருக்கோணும் எண்டு சொல்லுங்கோ. கூச்சப்படத் தேவையில்லை, இன்டர்ன்ஸை எடுத்துப் பழகின கம்பனிக்கு இது புதுசில்லை. கியூஏ (சொஃப்ட்வெயார் டெஸ்டிங்), பிஏ (பிஸ்னஸ் அனலிஸ்ட்) மாதிரி ரோல் எண்டா அதை ஏற்பாங்களோ எண்டு கம்பஸில இன்டர்ன்ஷிப்பைப் பாக்கிற கோஓர்டினேட்டரிட்ட ஈமெயில்ல கேளுங்கோ, வாயால கேட்டா பிறகு காட்ட ஒண்டும் இருக்காது. ஓம் எண்ட பதிலும் கையெழுத்தான அப்ரூவல் ஃபோர்மும் கையில வந்த பிறகுதான் ஜொயினிங் டேட்.

டயரி

ஒவ்வொரு நாளும் என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கம்பஸுக்குக் காட்ட எழுதிற ட்ரெய்னிங் டயரிதான் இது, மார்க்ஸ் போறதும் வாறதும் இதிலதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுக் கிழமையையும் யோசிச்சு எழுதினா "பக் ஃபிக்ஸ் பண்ணினன், மீட்டிங் போனன்" எண்டுதான் வரும், அதை வாசிக்கிற லெக்சரருக்கு நீங்கள் என்ன படிச்சீங்கள் எண்டு எப்பிடி விளங்கும்? அண்டண்டைக்கு, பஸ்ஸில வரேக்க ஃபோன்லயாவது நாலஞ்சு வரி எழுதுங்கோ. இப்பிடி:

"ஃபோர்ம்ல தமிழ்ப் பேர் போட்டா கேள்விக்குறியா சேவ் ஆகுது. மைஎஸ்கியூஎல் டேபிள் லத்தீன்1 இல இருந்தது. யுடிஎஃப்8எம்பி4 க்கு மாத்த மைக்ரேஷன் எழுதினன். முதல்ல பேக்கப் எடுக்கச் சொல்லி ரிவியூவில திருத்தினவை. ஏற்கெனவே கேள்விக்குறியான பேருகளைத் திரும்ப எடுக்கேலாது எண்டு விளங்கிச்சு."

பிரச்சினை, காரணம், நீங்கள் செய்தது, மற்றாக்கள் திருத்தினது எல்லாம் அஞ்சு வரிக்குள்ள வந்திட்டு. கிழமைக்கொருக்கா சூப்பர்வைசரின்ட கையெழுத்தை வாங்குங்கோ, மாசக்கணக்கில சேர்த்து வைச்சா அவர் இடையில வேற கம்பனிக்குப் போயிட்டார் எண்டா ஆரிட்டப் போய் நிப்பீங்கள்?

ரிப்போர்ட்

கம்பனியோட என்டிஏ (உள் விசயங்களை வெளியில சொல்லமாட்டன் எண்ட ஒப்பந்தம்) சைன் பண்ணியிருப்பீங்கள், அதால கிளையண்ட் பேர், கோட், உள்ள எடுத்த ஸ்கிரீன்ஷொட் ஒண்டும் வேண்டாம். சிஸ்டம் எப்பிடி வேலைசெய்யுது எண்டு நீங்களே பொதுவா ஒரு டயகிராம் கீறுங்கோ, சப்மிட் பண்ண முதல் சூப்பர்வைசருக்குக் காட்டி ஈமெயில்ல சம்மதம் எடுங்கோ. வைவாவில, அதாவது வாய்மொழிப் பரீட்சையில, டயரியில இருக்கிறதைத்தான் கிண்டிக் கேப்பாங்கள், அண்டண்டைக்கு எழுதினாக்களுக்கு அதில பயமில்லை.

கடைசிக் கிழமை

சூப்பர்வைசர் நிரப்பிற இவலுவேஷன் ஃபோர்மை வேலையால நிக்கிறதுக்கு ஒரு கிழமை முன்னமே குடுங்கோ. சில கம்பஸுக்கு அவர்தான் நேரா அனுப்போணும், உங்கட கையால குடுத்தா எடுக்கமாட்டாங்கள், அப்பிடியெண்டா அனுப்பியாச்சோ எண்டு லப்டொப்பையும் ஐடி கார்டையும் திருப்பிக் குடுக்க முதல் கேட்டு உறுதிப்படுத்துங்கோ.