சி ஒரு பக்கம், பைத்தன் மறுபக்கம்: ஆவணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை அளக்கும் நிரலை சி மொழியிலும், அதைத் திரையில் காட்டும் நிரலைப் பைத்தனிலும் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ படிக்கும் மாணவர் எவரும் எடுத்துச் செய்யக்கூடிய வேலைதான். தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடும். தரவு கைமாறும் இடத்தில்தான் பிழை வரும். ஆவணத்தில் எவரும் எழுதாமல் விடுவதும் அந்த இடத்தைத்தான்.

'நீர்மட்டம்: தசம எண்' என்று வகையை மட்டும் எழுதினால் போதாது. அடியா, மீற்றரா? கொள்ளளவு ஏக்கர் அடியிலா, கன மீற்றரிலா? ஓர் ஏக்கர் அடி ஏறத்தாழ 1,233 கன மீற்றர். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஊர்களுக்கு எழுதும் மென்பொருளில் அலகை விடுவது பொறுப்பற்ற செயல்.

வகையைப் பைத்தன் பக்கத்துக்கும் எழுத வேண்டும். சார்பு எதைத் திருப்பித் தரும் என்று அறிவிக்காவிட்டால், பைத்தனிலிருந்து சி சார்புகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் (ctypes) நூலகம் அதை முழுவெண்ணாகவே எடுத்துக்கொள்ளும். சி தந்த 31.5, எந்த எச்சரிக்கையுமின்றிப் பொருளற்ற எண்ணாக வந்து நிற்கும்.

தமிழ்ப் பெயர்கள் வரும்போது சிக்கல் கூடும். 'கிளிநொச்சி' நமக்கு 5 எழுத்து. பைத்தன் அதன் நீளத்தை 10 என்னும். யூடிஎப்-8 குறியாக்கத்தில் சி எண்ணினால் 30 பைட். சொல் முடிந்தது என்று சி வைக்கும் முடிவுக் குறியோடு 31. ஆவணத்தில் 'பெயர்: 20 வரை' என்று இருந்தால் எதை 20 என்பது? 20 பைட் என்றால் ஊர்ப்பெயர் நடுவில் அறுந்து, பைத்தன் வாசிக்க மறுக்கும். ஆங்கில எழுத்துகளில் மட்டும் சோதித்தவருக்கு இது தெரியவே வராது.

சி ஒதுக்கிய நினைவகத்தை யார் விடுவிப்பது என்பதையும் எழுதிவையுங்கள். என் கணிப்பில் மிக மோசமான விடுபடல் இதுதான். திரும்பும் வகையைச் சரச் சுட்டியாக (c_char_p) அறிவித்தால், சிடைப்ஸ் நகலை மட்டும் கொடுத்து மூல முகவரியைக் கைவிட்டுவிடும். பிறகு விடுவிக்க வழியில்லை. மாதக்கணக்கில் ஓடும் கருவியில் நினைவகம் சிறுகச் சிறுகக் கரையும். வகை குறிக்காத சுட்டியாக (c_void_p) வாங்கி, இன்ன சார்பால் விடுவிக்கவும் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

பிழை நேர்ந்தால் -1 வருமா, விதிவிலக்கு எழுமா என்பதையும் அப்படியே எழுதிவையுங்கள்.

இரு மொழிக்கும் இரண்டு ஆவணம் வேண்டாம். ஒன்றைத் திருத்துபவர் மற்றதை மறப்பார். எடுத்துக்காட்டுகளை, ஆவணத்தில் உள்ளவற்றை ஓட்டிச் சரிபார்க்கும் பைத்தன் கருவியான டாக்டெஸ்ட் (doctest) ஓட்டக்கூடிய வடிவில் எழுதி, சி நிரலை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள்.