ஊருக்கே மைக்ல சொல்றோம், புள்ளைக்கு மட்டும் சொல்றதில்ல

சொந்தத்துல ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தேன். மண்டப வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ், தாய்மாமன் சீர் வரிசையா வருது, மைக்ல யார் யார் எவ்வளவு மொய்னு வாசிக்கிறாங்க. எல்லாம் முடிஞ்சு சாப்பிட உக்காந்தப்போ அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து ரகசியமா கேக்குது, "சித்தி, இது ஒரு தடவ வந்தா போதும்ல? மறுபடி வராதுல்ல?"

அவளுக்கு உளுந்தங்களி குடுத்திருக்காங்க, நல்லெண்ணெய் குடுத்திருக்காங்க, பட்டுப்புடவை எடுத்திருக்காங்க. பீரியட்ஸ் மாசாமாசம் வரும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல. இதையெல்லாம் பேசுறது நம்ம கலாச்சாரம் இல்லன்னு யாராவது சொன்னா எனக்கு அந்த ஃப்ளெக்ஸ்தான் ஞாபகம் வருது. 2007ல மகாராஷ்டிரா, கர்நாடகா மாதிரி சில மாநிலங்கள் ஸ்கூல்ல உடம்பு மாற்றத்தப் பத்திச் சொல்லிக் குடுக்கிற வளரிளம் பருவக் கல்வியையே இப்படிச் சொல்லித்தான் நிறுத்துனாங்க. நாம பேசாம எல்லாம் இல்லங்க, ஊர்ல எல்லார்கிட்டயும் பேசுறோம், சம்பந்தப்பட்ட புள்ளைகிட்ட மட்டும்தான் பேசுறதில்ல.

அதனால முதல் தப்பு, லேட்டா ஆரம்பிக்கிறது. வயசுக்கு வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தா, பொண்ணு ஸ்கூல் பாத்ரூம்ல ரத்தத்தைப் பாத்து ஏதோ பெரிய வியாதின்னு பயந்து அழுதுட்டு நிக்கும். பொம்பளப் புள்ளைங்களுக்கு எட்டு வயசுலேர்ந்தே உடம்பு மாற ஆரம்பிக்கலாம், அஞ்சாவது ஆறாவது படிக்கும்போதே பீரியட்ஸ் வர்ற புள்ளைங்க நிறைய. எட்டு ஒன்பது வயசுலயே நாப்கின் பாக்கெட்ட எடுத்துக் காட்டி எப்படி ஒட்டணும், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், எங்க போடணும்னு சொல்லிடுங்க. அம்மாவுக்குக் கூச்சமா இருந்தா பரவாயில்ல, அத்தை, சித்தி, பாட்டின்னு யாராவது ஒருத்தர் சொல்லலாம், நம்ம வீடுகள்ல இதுக்கெல்லாம் ஆளுக்கா பஞ்சம்.

அதே சமயம் ஒரே நாள்ல உக்கார வச்சு எல்லாத்தையும் கொட்டுறதும் வேலைக்கு ஆகாது. ஐ.நா.வோட கல்வி அமைப்பான யுனெஸ்கோ 2018ல திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டுதல்ல அஞ்சு வயசுலேர்ந்தே ஆரம்பிக்கச் சொல்றாங்க, அதக் கேட்டதும் நம்ம ஆளுங்க "அய்யய்யோ அஞ்சு வயசுலயா"ன்னு பதறிடுறாங்க. அஞ்சு வயசுக்கு உடம்பு உறுப்போட பேரு, குளிக்கும்போது கதவு சாத்தணும், குழந்தை அம்மா வயித்துல கர்ப்பப்பைல வளரும், இவ்வளவுதான் விஷயம். மிச்சமெல்லாம் அந்தந்த வயசுல.

பேருன்னு சொன்னதும் ஞாபகம் வருது, இந்தத் தப்ப நானும் பண்ணிருக்கேன். கை, கால், மூக்குன்னு அழகா சொல்லிக் குடுத்துட்டு அந்த இடத்துக்கு மட்டும் வீட்டுக்கு வீடு ஒரு செல்லப் பேரு, இல்லனா "ஷேம் ஷேம்". நாளைக்கு யாராவது தொட்டு புள்ள டீச்சர்கிட்ட அந்தச் செல்லப் பேரச் சொன்னா அவங்களுக்கு என்ன புரியும்? அதவிட மோசம், அது அசிங்கமான இடம்னு சொல்லியே வளத்துட்டா அங்க ஏதாவது நடந்தா அதுவும் நம்ம அசிங்கம்னு புள்ள வாய மூடிக்கும்.

குட் டச் பேட் டச் ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, அதோட முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. தப்பா தொடுறவன் எப்பவும் வலிக்கிற மாதிரி தொடமாட்டான், சாக்லேட் குடுத்து, விளையாட்டு மாதிரி, கிச்சுகிச்சு மூட்டுற மாதிரிதான் ஆரம்பிப்பான், புள்ளைக்கு அது பேட்னே தோணாது. "யாருக்கும் சொல்லாத, இது நம்ம ரகசியம்"னு எவன் சொன்னாலும் உடனே வந்து சொல்லணும், இந்த ஒரு ரூல் போதும், பாதி காப்பாத்தும். 2007ல மத்திய அரசு 13 மாநிலங்கள்ல எடுத்த ஆய்வுல பாதிக்குப் பாதி சம்பவத்துல தொந்தரவு பண்ணது புள்ளைக்குத் தெரிஞ்ச, நம்பின ஆளுதான்னு வந்துச்சு. நாம என்னடான்னா தெரியாதவங்ககிட்ட போகாதன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்த மாமாவுக்கு முத்தம் குடுக்க மாட்டேன்னு ஓடுற புள்ளைய இழுத்துப் புடிச்சு "குடுறா, மாமா கோச்சுக்குவார்"ங்கிறோம். வணக்கம் சொன்னா மரியாதை ஆச்சு, அதுக்கு மேல புள்ளையோட இஷ்டம்.

பசங்கள யாரும் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க, எனக்கு உண்மையிலயே கோவம் வர்றது இதுலதான். குரல் உடையும், மீசை அரும்பும், ராத்திரி தூக்கத்துல விந்து வெளியாகி டிரவுசர் நனைஞ்சிருக்கும், அது என்னன்னு தெரியாம பயந்து துணிய ஒளிச்சு வைப்பான். அப்பா பேசமாட்டார், டீச்சர் இனப்பெருக்கம் பாடத்த வீட்ல படிச்சுக்கோங்கன்னு தாண்டிடுவாங்க. அப்போ அவன்கிட்ட பேசுறது யாரு? பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ஒட்டிருக்கிற லாட்ஜ் வைத்தியர் போஸ்டரும், டிவியில "வாலிப வயோதிக அன்பர்களே"ன்னு கூப்பிடுறவரும்தான். சத்து போயிருச்சு, நரம்பு தளந்துருச்சுன்னு பயமுறுத்திக் காசு புடுங்குறது காலங்காலமா நடக்குது, இந்தப் பயத்துக்கு தாத் சிண்ட்ரோம்னு 1960லயே மனநல டாக்டர் என்.என். விக் பேரே வச்சுட்டார். அப்பா ரெண்டு வரி சொன்னாப் போதும்: "எல்லாருக்கும் வர்றதுதான்டா, எனக்கும் வந்துச்சு, சத்தெல்லாம் ஒண்ணும் போகாது."

பதினஞ்சு பதினாறு வயசுல "லவ்வு கிவ்வுன்னு வந்தே, காலை ஒடச்சிருவேன்"னு மிரட்டுறதும் உதவாது, மிரட்டுனா மறைப்பாங்க, அவ்வளவுதான். அதுக்குப் பதிலா சட்டத்தச் சொல்லுங்க. புள்ளைங்கள பாலியல் குற்றத்துலேர்ந்து காப்பாத்த வந்த 2012 போக்சோ சட்டப்படி 18 வயசுக்குக் கீழ இருக்கிற யாரோட சம்மதமும் சம்மதம் கிடையாது, 17 வயசுப் பொண்ணு விரும்பித்தான் வந்தேன்னு சொன்னாலும் 19 வயசுப் பையன் ஜெயிலுக்குப் போக நேரிடும், இது ரெண்டு பேருக்கும் தெரியணும். கூடப் படிக்கிற புள்ளையோட அந்தரங்க போட்டோவ ஃபார்வர்ட் பண்றது, போன்ல வச்சிருக்கிறது விளையாட்டு இல்ல, குற்றம். யாராவது மிரட்டுனா வீட்ல திட்டு விழாதுங்கிற நம்பிக்கைய முன்னாடியே குடுத்து வைங்க.

பெரியவங்களுக்கும் ஒண்ணு, புள்ளைகிட்ட யாரோ தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சும் குடும்ப மானம் போயிரும்னு அமுக்காதீங்க, அதே போக்சோல தெரிஞ்சும் புகார் குடுக்காதவங்களுக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு யாரு வேணா கூப்பிடலாம், புள்ளையே கூப்பிடலாம்.

அந்தச் சடங்கு வீட்டுல பொண்ணோட தம்பி, ஒன்பது வயசு இருக்கும், "அக்காவுக்கு என்ன ஆச்சு"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டுட்டே சுத்துனான், எல்லாரும் "போடா, உனக்கெதுக்கு அது"ன்னு விரட்டுனாங்க. கடைசில என்கிட்ட வந்தான். அக்கா உடம்பு பெருசா வளருதுடா, இனி மாசத்துல சில நாள் அவளுக்கு ரத்தம் வரும், அடிபட்ட ரத்தம் இல்ல, பயப்பட வேணாம், அப்போ வயிறு வலிக்கும், அவளத் தொந்தரவு பண்ணாதேன்னேன். "அவ்வளவுதானா?"ன்னு கேட்டுட்டு ஐஸ்கிரீம் கவுண்டர் பக்கம் ஓடிட்டான்.