செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கும் அதிலிருந்த தரவும்

டிக் டிக் என்று சத்தம் போட்ட ஹார்ட் டிஸ்க் ஒருநாள் பயாஸிலேயே (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) தெரியாமல் போனது. அப்புறம் மென்பொருளால் அழிக்க வழியில்லை. பேக்கப் இருந்தது, என் கவலையெல்லாம் உள்ளே கிடக்கும் வங்கி விவரங்கள் பற்றித்தான். டிஸ்க் ஓடாவிட்டாலும் உள்ளே சுழலும் வட்டத் தட்டுகளில் தரவு அப்படியே இருக்கும். அதனால் தட்டுகளையே சிதைக்க முடிவு செய்தேன்.

டி8 டார்க்ஸ் (நட்சத்திர முனை) திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் மூடி அசையாவிட்டால் லேபிளைத் தடவிப் பாருங்கள், அடியில் ஒன்று ஒளிந்திருக்கும். தட்டுகளை இருபுறமும் உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, இடுக்கியால் வளைத்தேன். என்னுடையது 3.5 அங்குலம், அலுமினியத் தட்டு. லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் கண்ணாடித் தட்டுதான். வளைத்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்போடு சுத்தியலால் உடைப்பதே சரி. எஸ்எஸ்டி (தட்டில்லாமல் சிப்பில் தரவைச் சேமிப்பது) என்றால் மெமரி சிப் ஒவ்வொன்றையும் நொறுக்க வேண்டும். மிச்சத்தை மின்கழிவில் சேர்த்தேன்.