வயோமிங்கில் இரலை வேட்டை: வழிகாட்டி வேண்டுமா என்பதை நிலப்படத்தில் பாருங்கள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ப்ராங்ஹார்ன் இரலை வேட்டைக்குப் புறப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டுமா என்பதுதான். குறிபார்த்துச் சுடும் திறமையைப் பொறுத்தது அது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். ஆனால் இந்த விலங்கு பகல் வெளிச்சத்தில், மரமற்ற சமவெளியில், எல்லோர் கண்ணிலும் படும்படி மேய்கிறது. அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே அல்ல. அது மேயும் நிலத்தில் கால் வைக்க நமக்கு உரிமை உண்டா என்பதே சிக்கல். வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கும்போது பெரும்பாலும் அந்த உரிமையைத்தான் வாங்குகிறோம்.

முதல் படி, சான்றிதழ். 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் தேவை. இதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி, விண்ணப்பம். வெளிமாநிலத்தவருக்கான விண்ணப்பக் காலம் ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடும். மாநிலம் எண்ணிட்ட வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; அவற்றில் ஒரு பகுதிக்கான வேட்டை உரிமத்துக்கே விண்ணப்பிக்கிறோம். வெளிமாநிலத்தவருக்கான உரிமங்களில் 75 விழுக்காடு, ஆண்டுதோறும் சேர்த்து வைத்த முன்னுரிமைப் புள்ளிகள் அதிகமுள்ளவர்களுக்கும், எஞ்சிய 25 விழுக்காடு வெறும் குலுக்கலிலும் போகின்றன. 2022-23 குளிர்காலத்தில் மேற்குப் பகுதி மந்தைகள் பெருமளவில் மடிந்த பின் அங்கே உரிமங்கள் குறைக்கப்பட்டன. ஆகவே பழைய பட்டியல்களை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

மூன்றாம் படியில்தான் நான் விழுந்தேன். புள்ளிகளே இல்லாமல் எளிதில் உரிமம் கிடைக்கும் பகுதி ஒன்றைக் கண்டதும் மகிழ்ந்து விண்ணப்பித்தேன், கிடைத்தும் விட்டது. செப்டம்பர் இறுதியில் போய் இறங்கிய பிறகுதான், சாலையின் இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை முள்கம்பி வேலிகளும், அவற்றுக்கு அப்பால் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கிய இருபது இரலைகளும் தெரிந்தன. அத்தனையும் தனியார் நிலம். பொது நிலத்துக்குச் செல்வது கடினமான பகுதிகளை வனவிலங்குத் துறை தன் விண்ணப்பக் குறிப்புகளிலேயே சுட்டிக்காட்டுகிறது. நான் அந்த வரியைப் படிக்கவில்லை.

எனவே விண்ணப்பிக்கும் முன்பே நிலப்படத்தைத் திறந்து வையுங்கள். மஞ்சள் நிறம் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைக்கு உரியது, நீலம் மாநிலத்துக்கு உரியது. மஞ்சள் நிறைய இருப்பது மட்டும் போதாது. பொதுச் சாலை அதைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். 1862-இல் தொடங்கிய இரயில்வே நிலக் கொடைகளால், தெற்கு வயோமிங்கில் ஒரு சதுர மைல் அரசு நிலமும் ஒரு சதுர மைல் தனியார் நிலமும் சதுரங்கப் பலகையைப் போல மாறி மாறிக் கிடக்கின்றன. இரண்டு அரசு நிலங்கள் தொடும் மூலையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கக் கூடாது என்று இந்தப் பதிவில் முன்பு எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின் திருத்துகிறேன்: தனியார் மண்ணை மிதிக்காமல் அப்படிக் கடப்பதை நில உரிமையாளர் தடுக்க முடியாது என்று 2025 மார்ச்சில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்க மறுத்தது. இருந்தாலும் துல்லியமான படமில்லாமல் மூலையைத் தேடாதீர்கள். இதற்கு நில எல்லைகளைக் காட்டும் ஆன்எக்ஸ் (onX) செயலியையே பரிந்துரைப்பேன். அங்கே அலைபேசிச் சமிக்ஞை இல்லாத இடங்கள் ஏராளம் என்பதால், படத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது முடிவெடுப்பது எளிது. எட்டக்கூடிய பொது நிலம் நிறைய இருந்தால் தனியாகச் செல்லுங்கள். தனியார் நிலமே மிகுந்த பகுதியென்றால், பண்ணை உரிமையாளரிடம் கட்டணம் செலுத்தி எழுத்து மூலம் அனுமதி பெறலாம், அல்லது வழிகாட்டியை அமர்த்தலாம். வெளிமாநிலத்தவர் கட்டாயமாக வழிகாட்டியையோ உள்ளூர்த் துணையையோ உடன் கொண்டுசெல்ல வேண்டியது மத்திய அரசு அறிவித்த வனாந்தரப் பகுதிகளில் மட்டுமே. இரலைகள் பெரும்பாலும் அங்கே வாழ்வதில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, புதிய துப்பாக்கிக்குச் செலவிடும் பணத்தை நல்ல தொலைநோக்கியிலும் தூரமானியிலும் போடுங்கள். முழங்கால் உறையும் அவசியம். கடைசி இருநூறு கெஜத்தைத் தவழ்ந்தே கடக்க நேரிடும், தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி. ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு மேலாடையை மறக்க வேண்டாம்.

விலங்கு விழுந்த இடத்தை விட்டு நகரும் முன் உரிமத்தின் கூப்பனில் தேதியிட்டு, கையொப்பமிட்டு, விலங்கின் உடலில் கட்டிவிட வேண்டும். பிறகு உடனே குடலை நீக்கி, தோலுரித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். இரலைக் கறி நாறும் என்று சொல்பவர்களில் பலர், செப்டம்பர் வெயிலில் அதை வண்டியின் பின்தட்டில் போட்டு ஊரெல்லாம் சுற்றியவர்கள்.

பின்சேர்க்கை: எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வேட்டையாடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே குலுக்கல் முடிவு வந்து உரிமம் கைக்கு வரும்வரை, பயிற்சிக்காகக்கூட நண்பரின் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.